விளக்கு எந்தக் கையில்?

1

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேசக் கூடாது. நைட் டியூட்டி முடிந்து வந்திருந்தாலும் சரி, வெளியே அயர்லாந்து மழை கொட்டித் தீர்த்தாலும் சரி, குளித்து, டீ போட்டு, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவேன். அந்த நேரம் எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் மதியச் சாப்பாடு முடிந்து, என் அக்கா ஜெசிந்தா பாத்திரம் கழுவும் சத்தம் முதலில் கேட்கும். பிறகு அவள் வீட்டுக்காரர் அருளப்பன் மச்சானின் பாதி நெற்றியும் ஒரு காதும் போனில் தெரியும்.

"ஏ பிள்ள ரெஜி, ரெடியா? மூணு எண்ணுவேன். மூணுன்னதும் அமுக்கணும். போன வாரம் மாதிரி முந்திராத."

அங்கே ஒரு டிவியிலும் இங்கே ஒரு டிவியிலும் ஒரே படம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். நல்ல படம் என்று ஊர் உலகம் ஒப்புக்கொண்டது எதுவும் எங்களுக்கு ஆகாது. பழைய பேய்ப் படம், கையுறை போட்ட கொலைகாரன், வீடு அளவுக்கு வளர்ந்த சிலந்தி, பாலைவனத்தில் பேசாமலே சுட்டுக்கொள்ளும் துப்பாக்கிக்காரர்கள், பல்லி உடுப்புக்குள் ஆள் புகுந்து அட்டை நகரத்தை மிதிக்கும் ஜப்பான் படம், இவைதான் எங்கள் சரக்கு. சிலந்தியை இழுக்கும் கம்பி கண்ணுக்குத் தெரிந்தால் மச்சானுக்குச் சந்தோஷம் தாங்காது. "கம்பி தெரியுது பிள்ள, கம்பி தெரியுது! ஆனாலும் பயமா இருக்குல்ல?" என்பார். பயமாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை என்று வைத்ததற்குக் காரணம் கடல். மச்சான் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். சனிக்கிழமை காலையில் போன படகுகள் ஞாயிறு விடிந்துதான் கரைக்கு வரும். படகெல்லாம் கடலில் நிற்கும்போது மெக்கானிக்குக் கரையில் என்ன வேலை? மீன்பிடித் தடைக்காலத்தில் இது தலைகீழாகிவிடும். ஊரே சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது, அத்தனை எஞ்சினும் அவர் கைக்கு வந்து நிற்கும். அப்போது எனக்கும் படம் கிடையாது. அதை எங்கள் வீட்டில் இரண்டாவது தவக்காலம் என்போம்.

நான் இந்த ஊருக்கு நர்ஸாக வந்து இருபது வருடம் ஆனதற்காக, போன மாதம் வார்டில் கேக் வெட்டினார்கள். ஊரிலிருந்து எதை விட்டுவிட்டு வந்ததாக நினைக்கிறாய் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். மீன் குழம்பு, வெயில், இப்படி ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். "ஒரு சண்டையை" என்றேன். சிரித்துவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2

எனக்குப் பத்து வயது இருக்கும். மச்சானுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. அப்போது அவர் என் அக்காவுக்கு யாரோ ஒருவர்தான், எதிர்த்தெருப் பையன்.

எங்கள் கோயில் திருவிழாவில் தேர் முடிந்த மறுநாள் மணலில் படம் போடுவார்கள். இரண்டு பனங்கட்டையை நட்டு, நடுவில் வெள்ளைத் துணியைத் தைத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். கோயிலுக்குள் உட்காருவதுபோலவே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கம் இடம் குறைவு, கோயில் மதில் இடிக்கும். அதனால் நாங்கள் துணியைக் கையால் தொடும் தூரத்தில் நெருக்கி உட்காருவோம். காற்றடித்தால் படம் எங்கள் மூக்கில் வந்து முட்டும்.

அந்த வருடம் ஒரு புனிதரின் வரலாறு என்று மைக்கில் அறிவித்திருந்தார்கள். படப்பெட்டி மாறி வந்துவிட்டது. தலைப்பும் இல்லை, தொடக்கமும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே ஒரு தீவும் கலங்கரை விளக்கமும் வந்தன. அதைக் காவல் காக்கிறவனுக்கு ஒரு கைதான் உண்டு. அவன் மனைவி கடலில் மூழ்கிப் போனவள். பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் அவள் கதவைத் தட்டுவாள். சுருண்டு ஏறும் படிக்கட்டில் ஈரக் காலடி மட்டும் ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும், ஆளைக் காணோம். கடைசியில் மேலே பெரிய விளக்கு அணைந்துவிடுகிறது. தூரத்தில் ஒரு கப்பல் வருகிறது. அவன் இருக்கிற ஒரு கையில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மனைவி எதிரே வந்து அந்தக் கையைக் கேட்கிறாள். அவளைப் பிடிக்க வேண்டுமானால் விளக்கைக் கீழே வைத்தாக வேண்டும்.

பங்குச் சாமியார் படத்தை நிறுத்தச் சொன்னார். ஒருவரும் விடவில்லை. எங்கள் ஊரில் கடலுக்கு ஆளைக் கொடுக்காத வீடு அதிகம் இல்லை. சுற்றிலும் பெண்கள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. கப்பல் தப்பியதா, அவள் கை கிடைத்ததா என்று தெரிவதற்குள் கரண்டு போய்விட்டது.

அக்கா கல்யாணமாகி, மச்சான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அன்று பேச்சு இந்தப் படத்தில் வந்து நின்றது. அவரும் அதை மறக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஐந்து நிமிடத்தில் சண்டையும் பிடித்துக்கொண்டது.

"சோத்தாங்கையிலதான் விளக்கைத் தூக்குவான்" என்றார் மச்சான், தன் வலது கையைத் தூக்கிக் காட்டி.

"இல்ல மச்சான், நொட்டாங்கை. சோத்தாங்கைதான் அவனுக்கு இல்லையே. நொட்டாங்கை விரல்ல மோதிரம் கூடக் கெடந்துச்சு."

"மோதிரமா? நீ கண்ட. ஒரு மோதிரமும் இல்ல."

"நான் கிட்டக்க இருந்து பாத்தேன்."

"நான் மட்டும் என்ன, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்துல இருந்தா பாத்தேன்?"

மாமியார் வீட்டுக் கோழிக் குழம்பு ஆறிப்போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் தவறாமல் இந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தோம்.

3

அயர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்குப் பேச ஆளில்லை. என் கணவர் லாரன்ஸ் நல்ல மனிதர், ஆனால் எந்தப் படத்தைப் போட்டாலும் பத்தாவது நிமிடம் குறட்டை விடுவார். இந்த ஊரில் நூலகம் உண்டு, நூலகத்தில் பழைய பட டிவிடிகள் ஒரு அலமாரி நிறைய உண்டு. எங்கள் படத்தைத் தேடித்தான் முதலில் அதைக் கிளறினேன். படம் அகப்படவில்லை, பைத்தியம் அகப்பட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்து மச்சானுக்குப் போனில் கதை சொல்ல ஆரம்பித்தேன். இணையம் வேகமானதும் கதை சொல்வது போய் சேர்ந்து பார்ப்பது வந்தது.

மச்சானுக்கு இங்கிலீஷ் வராது. நான் ஓட ஓடத் தமிழில் சொல்வேன். இங்கேயே கிடந்து என் தமிழும் கொஞ்சம் வளைந்துவிட்டது. "அவன் அவளை மிஸ் பண்ணுறான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கான், குறி தப்பிருச்சுங்கிறியா?" என்று கேட்டார். எங்கள் மகள் ஷெரின் சின்னவளாக இருந்தபோது மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு அவளும் சொல்வாள். "பெரியப்பா, அந்த ஆள் செத்துட்டான், ஆனா முழுசா சாகல" என்பாள். என் மொழிபெயர்ப்பைவிட அதுதான் அவருக்குப் பிடிக்கும். இப்போது அவள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் அவளுக்கு வேறு ஆட்கள், வேறு படங்கள். கூப்பிட்டால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். பத்துமுறை தட்டச்சு செய்து அழிக்கும் அளவுக்கு என்னிடமும் வார்த்தை இருக்கும். பதிலுக்கு நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

இங்கே அயர்லாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் ஒரு திரைப்படச் சங்கம் உண்டு. மாதம் ஒருமுறை சமூகக் கூடத்தில் பழைய படம் போடுவார்கள். அதை நடத்துகிறவர் மைக்கேல், ஓய்வுபெற்ற தபால்காரர். அவரிடம் எங்கள் படத்தைப் பற்றி ஒருமுறை சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படி ஒன்று உண்டு. ஆனால் அதில் அவனுக்கு இல்லாதது இடது கை" என்றார். "அப்படியானால் அது இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கண்ணால் பார்த்ததை விட்டுக்கொடுக்க முடியுமா?

மச்சானை ஒருமுறை இங்கே வரவழைத்து, அந்தக் கூடத்தில் உட்கார வைத்து ஒரு படம் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. விசாவுக்கு விண்ணப்பித்தோம். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் உறவினரைப் பார்க்க என்று எழுதினால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் இராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து, உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து, கொழுந்தியாளோடு சேர்ந்து பழைய பேய்ப் படம் பார்க்க என்று எழுதச் சொல்லியிருக்கிறார். விசா கிடைக்கவில்லை. "அவங்களுக்கு ரசனை இல்ல பிள்ள" என்றதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

4

இந்த வருடம் தொடக்கத்திலிருந்தே சனிக்கிழமைகளில் ஏதோ சரியில்லை. மச்சான் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். "மச்சான், கொலைகாரன் இந்த டாக்டர்தானே?" என்றால் "ஆமா" என்பார். "இல்ல, தோட்டக்காரன்போல இருக்கே" என்றால் அதற்கும் "ஆமா". ஒரு படத்தில் கம்பி அப்பட்டமாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"மச்சான், கம்பி தெரியலையா?"

அக்காவின் பாத்திரச் சத்தம் நின்றது. "கம்பி என்ன, சிலந்தியே தெரியல" என்றார்.

அவருடைய வலது கண் எப்போதோ எஞ்சின் வேலையில் இரும்புத் துகள் பட்டுப் போனது. மிச்சமிருந்த இடது கண்ணைச் சர்க்கரை பிடித்துக்கொண்டது. மாதக்கணக்காக டிவியில் அவர் பார்த்தது வெறும் புகைதான். என் குரலைக் கேட்பதற்காக மூன்று எண்ணி அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் நர்ஸ், தினமும் நோயாளிகளின் முகத்தைப் படிக்கிறவள். எனக்குத் தெரியாமல் போனதே என்று அன்று அடுப்படியில் நின்று அழுதேன்.

மதுரையில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்றார். செய்தால் இருக்கிற பார்வை நிற்கலாம், அதுவும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். மச்சான் என்னிடம் அதைச் சொன்ன விதமே வேறு. "ஒத்தக் கண்ணுதான் ரெண்டுக்கும் சேத்து வேலை பாத்துச்சு. அதுவும் இப்ப லீவு கேக்குது. போறது போகட்டும் பிள்ள. அந்த ஒத்தக் கைக்காரனை மட்டும் ஒருக்கா பாத்திருந்தா நல்லாருந்திருக்கும்."

5

ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரத்தில்தான் சங்கத்தில் மைக்கேல் அந்தப் படத்தைப் போட்டார், இடது கை இல்லாதவன் படம். அது நம்முடையது இல்லை என்ற நிச்சயத்தோடுதான் போனேன். அந்த வகைப் படம் எதையும் நான் விடுவதில்லை.

தலைப்பும் தொடக்கமும் எனக்குப் புதிது. பிறகு தீவு வந்தது, கலங்கரை விளக்கம் வந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஈரக் காலடி படியேறியது. எல்லாம் அதுவேதான், ஆனால் எல்லாம் இடம் மாறி இருந்தன. படிக்கட்டு வேறு பக்கமாகச் சுருண்டது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் இருந்தது. விளக்கு சோத்தாங்கையில் இருந்தது, விரலில் மோதிரம் உண்டா என்று அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. நம் வீட்டைக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல, தெரிந்த வீட்டில் வழி தெரியாமல் நின்றேன்.

கண்ணாடி என்று நினைத்ததும்தான் மண்டையில் உறைத்தது. எங்கள் கோயில் மணலில் படம் காட்டும் கருவி ஆண்கள் பக்கம் இருந்தது. பெண்களாகிய நாங்கள் உட்கார்ந்தது திரைக்குப் பின்னால். தமிழ்ப் படம் போடும்போது எழுத்தெல்லாம் இடம்வலமாகத் திரும்பித் தெரியும், அதைப் பார்த்து நாங்களே சிரிப்போம். எழுத்து போய்க் கதை வந்ததும் அதை மறந்துவிடுவோம். எழுத்தே இல்லாத இந்தப் படத்தில் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானும் அக்காவும் அம்மாவும் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் திருவிழாப் படங்களைப் பின்பக்கத்திலிருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறோம். அப்போது எங்களுக்கு அது பின்பக்கம் என்று யாரும் சொல்லவுமில்லை.

படம் முடிந்ததும் வாசலில் நின்றே போன் செய்தேன். அன்று வியாழக்கிழமை, அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். அக்கா எடுத்த எடுப்பில், "யாரு செத்தது?" என்றாள். கிழமை மாறி, அதுவும் அந்த நேரத்தில் போன் வந்தால் ஊரில் முதல் கேள்வி அதுதான்.

"யாரும் சாகல. மச்சானை எழுப்பிப் போனைக் குடு."

சொன்னேன். மச்சான் முதலில் சிரித்தார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "அப்ப நீயும் சரி, நானும் சரியா? அட பாவமே, இனி எதை வச்சுச் சண்டை போட?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "கண்டுபிடிச்சியே பிள்ள, அது போதும். டிவில போட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பாத்ததே நான் பாத்த மாதிரிதான்."

எனக்கு அது போதவில்லை.

6

வேலையிடத்தில் அவசர விடுப்பு கேட்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள். அக்காவின் கணவர் என்றேன். நெருங்கிய உறவுகளில் அவர் வரமாட்டார், அக்காவுக்கே முடியவில்லை என்றால் பார்க்கலாம் என்றார்கள். மச்சான் என்றால் என்ன என்று இங்கிலீஷில் விளக்க முயன்று, பாதியில் எனக்கே சலித்துப்போய், வருடாந்திர விடுப்பைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கிளம்பும் முன்னால் டப்ளின் விமான நிலையத்துக்கு ஷெரின் வந்தாள். டிபன் டப்பா அளவில் ஒரு புரொஜக்டரை என் கையில் வைத்தாள். படம் அதற்குள்ளேயே இருந்தது, மைக்கேலிடம் பேசி அவளே ஏற்றியிருக்கிறாள். "டிவி சின்னது, பெரியப்பாவுக்குத் தெரியாது. சுவர்ல பெருசா போடும்மா" என்றாள். பிறகு தமிழில் சரியான சொல் தேடி, "பெரியப்பா கண்ணு முழுசா உடைஞ்சிருச்சா, இல்ல கொஞ்சமா?" என்று கேட்டாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரலுக்குப் பின்னால் என் பிள்ளை இருக்கத்தான் செய்கிறாள்.

இதை மதுரையில், கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரியே தங்கச்சிமடத்திலிருந்து கிளம்பி வந்தோம், மச்சானை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் இன்று காலையும் உறுதி எதுவும் சொல்லவில்லை. கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும், அதனால் நேற்று சாயங்காலம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கோயிலில் மாலை ஜெபத்துக்கான திரிகால மணி அடித்து, இருட்டத் தொடங்கியதும், அக்கா வீட்டு முற்றத்தில் வலை காயப்போடும் இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினோம். மச்சானை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன்.

"வெளிச்சம் ஆடுது. மூட்டமா இருக்கு பிள்ள. இது படத்துல உள்ள மூட்டமா, என் கண்ணுல உள்ளதா?"

"படத்துலயும் மூட்டந்தான் மச்சான்."

நாற்காலியை முன்னே தள்ளினோம். இன்னும் தள்ளினோம். திரைக்குப் பக்கத்தில் போனதும் அவர் தலை நிழலாக விழுந்து கலங்கரை விளக்கத்தை மறைத்தது. விலகினால் அவருக்குத் தெரியவில்லை, நெருங்கினால் படமே இல்லை. இத்தனை தூரம் வந்தது இதற்குத்தானா என்று நின்றேன்.

அக்காதான் சொன்னாள். "எதுக்கு இங்கன கெடந்து மாரடிக்கிறீக? அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ. நாங்க துணில மூக்கு ஒரச ஒரசத்தான பாத்தோம், எந்த நிழல் விழுந்துச்சு?"

"பொம்பளைக பக்கமா?" என்றார் மச்சான்.

"ஆமா, பொம்பளைக பக்கந்தான். போனா கொறஞ்சு போயிருவீகளோ?"

அவரைக் கைப்பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போய், விரிப்புக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார வைத்தேன். அக்கா அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். நான் புரொஜக்டரைப் பார்த்துக்கொள்ள முன்பக்கம் வந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஆண்கள் பக்கத்தில், அவர் பெண்கள் பக்கத்தில்.

படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டேன். கதவு தட்டியது. ஈரக் காலடி ஏறியது. மேலே விளக்கு அணைந்தது, கப்பல் வந்தது. ஒரு கைக்காரன் அரிக்கேனைத் தூக்கினான்.

"ஏ பிள்ள!" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "உன் பக்கம் எந்தக் கை?"

"சோத்தாங்கை மச்சான். உங்க பக்கம்?"

"நொட்டாங்கை."

பதில் உடனே வந்தது. தெரிந்துதான் சொல்கிறாரா, அல்லது சனிக்கிழமைகளில் "ஆமா" போட்டதுபோல எனக்காகச் சொல்கிறாரா? அந்த மனைவி எதிரே வந்து நின்று கையைக் கேட்டாள். காற்றில் விரிப்பு உப்பி அவர் பக்கமாகப் போனது, அவர் முகத்தில் முட்டியிருக்க வேண்டும்.

"ரெஜி" என்றார் மச்சான், கோயிலில் பேசுவதுபோல மெதுவாக. "விரல்ல மோதிரம் கெடக்குடி."